பின்கட்டிலிருந்து முன்னறைக்கு

அன்பு மகனுக்கு,

உனக்கும் உன்னோடு இருப்பவர்களுக்கும் இறைவனின் அமைதி கிடைக்கட்டும். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், முதலில் ஒரு வேலை சொல்கிறேன். உன் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பாதே. கடைசிப் பார்வைக்கு வந்திருக்கிறது, பத்து நாளில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று போனில் சொன்னாய். அதில் நாலு நாள் போய்விட்டது. மீதி நாளுக்குள் இதைப் படித்துவிட்டு என்னிடம் பேசு. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாயை எனக்குத் தெரியும், முக்கியமான இடத்தில் அது என்னைக் கைவிட்டுவிடும். கை அப்படி இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எதற்காக எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த அத்தியாயத்தை நீ தஞ்சாவூரில் ஓர் அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கும்போது வாசித்தாய். நானும் பின்வரிசையில் இருந்தேன். கேட்டவர்கள் அத்தனை பேரும் ஒரு தவறான செய்தியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தவறு உன்னுடையது அல்ல, என்னுடையது. ஊரறியப் போன தவறை உறைக்குள் போட்டு ஒட்டித் திருத்த முடியாது.

என் அத்தாவை, அதாவது உன் நன்னாவை, ஊரில் ஹஜ்ரத் என்றுதான் சொல்வார்கள். மார்க்கச் சட்டம் படித்தவர், பள்ளிவாசலில் தொழவைத்தவர். வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தர்காவில் திக்ரு நடத்துவார். இறைவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குரல் உடைந்து அழுவார். சனிக்கிழமை காலையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் சந்தேகங்களுக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்வார். கேள்வியையும் பதிலையும் நீள நோட்டில், தமிழை அரபு எழுத்தில், எழுதி வைப்பார். ஆண்கள் முன்னறைக்கு நேரே வந்து கேட்பார்கள். பெண்கள் கொல்லை வழியாக வந்து பின்கட்டில் உட்காருவார்கள். அவர்கள் குரல் அந்நிய ஆணின் காதில் விழக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வேறு ஊர்களில் பெண்கள் நேராகவே பேசினார்கள் என்று நீதான் பின்னாளில் எனக்குச் சொன்னாய். எங்கள் வீட்டில் நடுவே ஒருத்தி நடக்க வேண்டியிருந்தது. பின்கட்டில் கேட்டதை முன்னறையில் சொல்லி, முன்னறையில் சொன்னதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதலில் அந்த வேலையை என் அம்மாதான் செய்தார். அவருக்குக் காது மந்தம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொல்வாள். என் அம்மா, "என்னது, மாமியா நகையை எடுத்து வச்சுக்கிட்டாளா?" என்று திருப்பிக் கேட்பார். அடுத்த தெருவிலிருக்கும் அந்த மாமியாருக்கே கேட்டுவிடும். இரண்டு மூன்று வீட்டில் இதனால் சண்டை வந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் வயதுக்கு வந்து வீட்டோடு நின்றிருந்தேன். எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிக்க மன்னார்குடிக்கு பஸ் ஏற வேண்டும், வயதுக்கு வந்த பெண் ஏறக் கூடாது என்றார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற பிள்ளையாக நான் இருந்ததில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பெண்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. "ஹஜ்ரத் மவ ஊமைக்கோட்டான், உசுரே போனாலும் வெளியே விடாது" என்று சொல்லி என்னையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பதினாலு வயதிலிருந்து கல்யாணமாகும் வரை மூன்று வருடம், சனிக்கிழமை சனிக்கிழமை, நான் நடந்தேன்.

பெரும்பாலும் சாதாரணக் கேள்விகள்தான். நோன்பு பிடித்துக்கொண்டு நடவுக்கு இறங்கியவள், வாய்க்காலில் வாய் கொப்பளித்தபோது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது, நோன்பு கூடுமா என்பாள். என் கோழி அடுத்த வீட்டில் போய் முட்டையிடுகிறது, முட்டை யாருக்கு என்று ஒருத்தி கேட்டாள். அத்தா சிரித்து, "கோழிகிட்டயே கேட்கச் சொல்லும்மா" என்றார். நான் அதை அப்படியே போய்ச் சொல்ல, பின்கட்டே சிரித்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போன பிறகு எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமை அது.

நான் சொல்ல வந்த சனிக்கிழமையில் எனக்குப் பதினைந்து. அன்றைக்கு வந்தவருக்குப் பத்தொன்பது இருபது இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத் தாய்வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு மூத்தவர், அதனால் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். மற்றப் பெண்கள் கிளம்பும் வரை காத்திருந்து, என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார். "ரெண்டு வருசமாச்சு. நான் இன்னும் கன்னியாத்தான் இருக்கேன். அவங்களால முடியல. மார்க்கத்துல எனக்கு வழி இருக்கான்னு கேட்டுச் சொல்லு." இதை இன்று எழுதவும் எனக்குக் கூச்சம்தான். நீ என் மகன். அதையும் மீறி எழுதுகிறேன். எனக்கு அப்போது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. இதை என் அத்தாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பின்கட்டிலிருந்து முன்னறைக்கு இருபது எட்டுகூட இருக்காது. அந்த நடையில் கேள்வியை மாற்றினேன்.

"மாப்பிள்ளை பிரியமா இல்லையாம் அத்தா. பேச்சுவார்த்தை சரியில்லையாம். இவங்களுக்கு அங்க இருக்கப் பிடிக்கலையாம்" என்றேன். அத்தா பேனாவை எடுக்கவில்லை. "அவ்வளவுதானா? இதுக்கா தாய்வீட்டுக்கு வந்துருக்கு? வேற ஏதும் இருக்கும். இன்னொரு தடவை போய் நல்லா கேட்டுட்டு வாம்மா." நான் போனேன். பின்கட்டுக்குப் போகவில்லை. நடுவில் தண்ணீர்ப் பானை இருக்கிற இடத்தில் நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, "வேற ஒண்ணும் இல்லையாம் அத்தா" என்றேன்.

அவர் எழுதியதைத்தான் நீ அரங்கத்தில் வாசித்தாய். கணவனிடம் பிரியக் குறைவு என்பது பிரிவுக்குக் காரணம் ஆகாது, அவள் கணவன் வீடு திரும்பிப் பொறுமை கொள்ளட்டும் என்று. நான் போய்ச் சொன்னேன். லாத்தா என் முகத்தைப் பார்த்து, "நான் சொன்னதை எல்லாம் சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். "ஹஜ்ரத்தே அப்படிச் சொல்லிட்டாங்கன்னா சரி" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லை வழியே போனார். நம் மத்ஹபில், நாம் பின்பற்றும் சட்ட வழியில், பெண் கேட்டுப் பிரிந்துகொள்ள இடம் தருகிற காரணங்கள் மிகக் குறைவு. அந்தக் குறைந்ததிலும் முதலாவதாக நிற்பது அவர் என் காதில் சொன்ன காரணம். உனக்கு இது தெரியும். எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? நீ படிக்கத் தொடங்கிய பிறகு, உன் புத்தகங்களிலிருந்து.

நீ இந்தப் படிப்பை எடுத்தபோது உன் பெரிய மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டது நினைவிருக்கிறதா? "என்ஜினியரிங் படிச்சா துபாய். மார்க்கத்தைக் காலேஜ்ல படிச்சா எங்க போவே? பள்ளிவாசல்ல பாங்கு சொல்லவா?" நீ சிரித்துக்கொண்டே, "மாமா, துபாய்லயும் பாங்கு சொல்றாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்துவிட்டார். அன்று உனக்காகப் பேசியது நான்தான். கூட்டத்தில் நான் வாய் திறந்த சில நாள்களில் அது ஒன்று. நன்னாவின் நோட்டுகளை உன் மடியில் வைத்தவளும் நானே. அரபு எழுத்தில் இருக்கும் தமிழ் உனக்கு முதலில் ஓடவில்லை. அவர் கையெழுத்து எனக்கு மனப்பாடம் என்பதால் மத்தியானத்தில் சோறாக்கி முடித்துவிட்டு உனக்கு வாசித்துக் காட்டுவேன். லாத்தாவுக்குச் சொன்ன தீர்ப்பு இருக்கும் பக்கம் வந்த அன்று இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். நீ கவனிக்கவில்லை. பிறகு நீயே வாசிக்கப் பழகி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்தே ஓர் அத்தியாயம் கட்டிவிட்டாய்.

தஞ்சாவூரில் நீ நன்றாகத்தான் பேசினாய். வியாழக்கிழமை தர்காவில் அன்பைப் பேசி அழுத மனிதரே சனிக்கிழமை ஒரு பெண்ணின் துயரத்துக்கு முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தார், சூஃபியும் சட்ட அறிஞரும் ஒரே உடம்பில் இரண்டு ஆளாக வாழ்ந்தார்கள் என்றாய். கை தட்டினார்கள். ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தப் பொண்ணு யாரு? அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நீ, "நோட்டுல 'ஒரு பெண்' என்றுதான் இருக்கும்மா. தெரிஞ்சுக்க வழியே இல்லை" என்று சொன்னாய். வழி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை. வெளியே டீ குடிக்கும்போது நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், "பாட்டனைத் திட்டியே பேராசிரியர் ஆயிட்டான் பாரு" என்று என் காதில் விழும்படி சொன்னார்கள். இன்னொரு பக்கம் உன் நண்பர்கள் உன் தைரியத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஹஜ்ரத்தைப் பற்றியே பேசின. கேள்வி கேட்ட மாணவி ஒருத்திதான் லாத்தாவை நினைத்தாள். நான் டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்ற அதே பிள்ளையாகத்தான் அன்றும் இருந்தேன்.

நீ போன் செய்து கடைசிப் பார்வை என்று சொன்ன மறுநாள் காலையில் கிளம்பினேன். திருத்துறைப்பூண்டி போய், வேதாரண்யம் பஸ் பிடித்து, அங்கிருந்து கோடியக்கரை ரோட்டில் ஆட்டோ. வயல் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் லாத்தா வீடு. முதல் கணவர் வீட்டார் ஆறு வருடத்துக்குப் பிறகு இவரை மலடி என்று சொல்லி, தலாக் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் இவரைக் கட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் ஊர்ப்பேச்சாக எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பார்க்க நாற்பது வருடம் எடுத்துக்கொண்டேன்.

வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "ஊமைக்கோட்டானா! வா, வா. இப்பவாச்சும் வாய் வந்துச்சா?" என்றார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கை இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். கைக்கு வேலை இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாற்றிச் சொன்னது, அத்தா என்னைத் திருப்பி அனுப்பியது, தண்ணீர் குடித்துவிட்டுப் பொய் சொன்னது, எதையும் விடவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமல் உரித்துக்கொண்டே இருந்தார். குவியல் தீர்ந்த பிறகுதான் கேட்டார்.

"வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு லாத்தா. அவருக்கு ஒரு வருசம் தவணை கொடுப்பாங்க. அதுக்கப்புறமும் சரியாகலைன்னா உங்களைப் பிரிச்சு விட்டுருப்பாங்க."

"ஒரு வருசம்."

"ஆமா."

"நான் அதுக்கப்புறம் நாலு வருசம் இருந்தேன்டி. நாலு வருசமும் மலடிப் பட்டம். இங்க வந்து மூணு பெத்தேன். ஒவ்வொண்ணு பொறந்தப்பவும் அந்தத் தெருவுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடணும்னு இருந்துச்சு. எழுதத்தான் தெரியல." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கண்ணை மூடி மௌத்தானவங்க எல்லாருக்கும் அல்லாகிட்ட துஆ கேக்குறப்ப உங்க அத்தா பேரை மட்டும் விட்டுருவேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. இத்தனை வருசமா. அந்த மனுசன் காதுலயே விழலையா நான் கேட்டது?"

மன்னிச்சிருங்க லாத்தா என்றேன். "அது கெடக்கட்டும். மன்னிப்புக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா, வேற சோலி இருக்கா?" என்றார். உன் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். என் மகன் எழுதியிருக்கிறான், உங்கள் கேள்வி அதில் இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்டது இல்லை, நான் மாற்றியது என்றேன். அவர் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "மாத்தச் சொல்லு. மொதல்ல என்னைக் கட்டுன மனுசர் பேரு வேணாம். அவரும் மௌத்தாயிட்டாரு. அவருதான் யார்கிட்ட சொல்லிருப்பாரு, பாவம். என் பேரும் வேணாம், பேரப்புள்ளைங்க படிக்கும். ஊருல எல்லாரும் படிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. கேள்வி மட்டும் நான் கேட்ட மாதிரியே இருக்கணும்."

ஆகவே தம்பி, நீ செய்ய வேண்டியது இது. அந்த அத்தியாயத்தைப் பிரித்து எழுது. உன் வாதம் விழுந்துவிடும் என்று பயப்படாதே, விழட்டும். இரண்டு ஆளாக வாழ்ந்த மனிதர் என்பது கேட்க நன்றாக இருந்தது, ஆனால் அதை நிறுத்திவைத்திருந்த தூண் என் பொய். நான் நன்னாவைக் காப்பாற்ற இதை எழுதுவதாக ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஹஜ்ரத் மேல் தப்பில்லை, தெரிந்துவிட்டது என்று கொண்டாடுவார்கள். அதற்கும் இடம் கொடுக்காதே. ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கேள்வியைச் சுமந்து வரப் பதினைந்து வயதுப் பிள்ளையை நிறுத்தியது அவர்தான். சந்தேகம் வந்தது அவருக்கு, என்னைத் திருப்பி அனுப்பவும் செய்தார். ஆனால் எழுந்து இருபது எட்டு நடந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "என்னம்மா விசயம்" என்று அவரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதையும் எழுது. என் பெயரையும் போட்டு எழுது.

அதோடு முடியாது. அந்த மூன்று வருடத்து நோட்டில் பெண்கள் கேட்டதாக இருப்பவை எல்லாம் என் வாய் வழியாக வந்தவை. இந்த நாலு நாளாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தா, தீட்டுக் கணக்கில் முடிந்ததா என்று கேட்டவள், மாமனாரைப் பற்றிச் சொன்னவள், இப்படி இன்னும் சிலவற்றை நான் மழுப்பியிருக்கிறேன். எவை எவை என்று நினைவிருக்கிறது. சில இடத்தில் என்ன மாற்றினேன் என்பது மறந்துவிட்டது, மாற்றினேன் என்பது மட்டும் தெரிகிறது. அதை அப்படியே சொல்வேன், இட்டுக்கட்ட மாட்டேன். நீ வந்ததும் நோட்டை நடுவில் வைத்துப் பக்கம் பக்கமாகப் போவோம். எனக்கு வெட்கமாக இருக்கும், உனக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேரும் பெரியவர்கள்தானே. உனக்கு மேலே இருக்கும் பேராசிரியர்கள், இனி நேரம் இல்லை, அப்படியே போகட்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். கேட்காதே. நான் ஒரு முறை அப்படியே போகட்டும் என்று விட்டதன் விலையை வேறொருத்தி கொடுத்தாள்.

உன் படிப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒன்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இனி எந்த ஊர் ஏட்டிலாவது 'ஒரு பெண் கேட்டாள்' என்று எழுதியிருந்தால், அவள் எங்கே உட்கார்ந்து கேட்டாள், அவளுக்கும் எழுதியவருக்கும் நடுவில் நடந்தது யார் என்று தேடு. அந்த ஆள் உயிரோடு இருந்தால் போய்ப் பார். பேசாத ஆளாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரி.

நான் கிளம்பும்போது லாத்தா வாசல் வரை வந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புஸ்தகம் வந்ததும் எடுத்துட்டு வா. எனக்கு வாசிக்கத் தெரியாது, நீதான் வாசிச்சுக் காட்டணும். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடக் கூடாது." விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சீக்கிரம் எழுது.

உன் அம்மா